நவம்பர் 18

இன்று பக்கத்து வீட்டு அம்மாவை கலிபோர்னியா ஓக்லாந்தில் உள்ள எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். வருடா வருடம் போகிறவர். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை.

அவருடைய தோழி ஒரு பாடகி. ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதபோதகர் நடத்திய 'மக்கள் ஆலயம்' (Peoples Temple) சபையின் பாடகர் குழுவில் இருந்தவர். அந்தக் குழு 1973-ல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டது. கேட்டிருக்கிறேன், துள்ளலான பாட்டுகள். இனவெறி இல்லாத ஊர் ஒன்று கட்டப்போகிறோம் என்று நம்பித்தான் தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குப் போனார்களாம்.

1978 நவம்பர் 17 இரவு, விசாரிக்க வந்த அமெரிக்க எம்.பி. லியோ ரயனுக்காக அங்கே கச்சேரி நடந்தது. பாட்டு, ஆட்டம், கைதட்டல். மறுநாள் ஜோன்ஸின் ஆட்கள் அவரை விமான ஓடுதளத்தில் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் ஜோன்ஸ் கட்டளைப்படி சபையாருக்கெல்லாம் சயனைடு விஷம். செத்தது மொத்தம் 918 பேர். முந்நூறுக்கும் மேல் குழந்தைகள். சின்னப் பிள்ளைகள் வாயில் ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சினார்கள். அதைப் போய்த் 'தற்கொலை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை.

யாரும் வாங்கிக்கொள்ளாத நானூற்றுச் சொச்சம் உடல்கள் இந்த மேட்டில்தான் இருக்கின்றன. 2011-ல் பதித்த கருங்கல் பலகைகளில் எல்லாப் பெயர்களும் உண்டு, ஜோன்ஸ் பெயர் உட்பட. அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தோழியின் பெயரை விரலால் தடவிக்கொண்டு, "கீழ் சுருதியில் பாடவே வராது அவளுக்கு" என்று சிரித்தார். வரும் வழியெல்லாம் எதையோ முனகிக்கொண்டே வந்தார். நான் ரேடியோவைப் போடவில்லை.