14 அடி போட்டுக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்?

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "அண்ணை, போட் வாங்கிட்டன், எந்த ஃபிஷ் ஃபைண்டர் போடுறது?" தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி மீனைத் தேடுகிற மெஷினைத்தான் கேட்கிறார்கள். மூன்று பேரோடும் போனில் அரை அரை மணித்தியாலம் கதைத்துக் களைத்துவிட்டேன், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், இனிக் கேட்கிறவர்களுக்கு லிங்கை அனுப்பிவிடலாம்.

முதலில் என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 14 அடி அலுமினிய போட், பின்னால் 9.9 குதிரைவலு மோட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற வகை. கனடாவில், ஸ்காபரோவிலிருந்து ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் சிம்கோ ஏரிக்கோ ரைஸ் லேக்குக்கோ போவேன். ஒன்ராறியோ ஏரிக்குள் தூரம் போய் சால்மன் பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாக உதவாது, அது வேறு போட், வேறு செலவு.

என் முதல் மெஷினைப் பழசாக, ஒரு தனியாளிடம் மலிவாக வாங்கினேன். திரையில் குட்டிக் குட்டி மீன் படம் வரும், வரும்போதெல்லாம் 'பீப்' என்று சத்தம் போடும். அதை நம்பி ஒரு நாள் ரைஸ் லேக்கில் காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு இருந்தோம். பீப் நிற்கவே இல்லை, தூண்டில் அசையவும் இல்லை. கூட வந்த மாமா (மனைவியின் அப்பா) கடைசியில் வாய் திறந்தார்: "தம்பி, உது மீன் காட்டுதோ, எங்களைப் பேய்க்காட்டுதோ?"

பேய்க்காட்டியதுதான். அந்த மீன் படத்தை மெஷின் 'பார்த்து' போடுவதில்லை. தண்ணீருக்குள் நடுவில் தொங்குகிற எதிலாவது ஒலி பட்டுத் திரும்பினால், இது மீனாக இருக்கலாம் என்று ஊகித்து ஒரு படத்தை ஒட்டிவிடும். ரைஸ் லேக் ஆழம் குறைந்த ஏரி, கோடையில் பாசியும் களையும் மண்டிக் கிடக்கும், சேற்றிலிருந்து குமிழி வேறு வரும். அத்தனையும் மீனாகிவிட்டது. ஆகவே எந்த மெஷின் வாங்கினாலும் முதல் வேலையாக அந்த மீன் படத்தை நிறுத்திவிடுங்கள். கடைக்காரர் அந்தப் படங்களைக் காட்டித்தான் விற்பார், அது வேறு விஷயம்.

படத்தை நிறுத்திய பிறகு வருகிற திரையை வாசிக்க ஒரு நாள் போதும். ட்ரான்ஸ்டூசர் (தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பித் திரும்ப வாங்குகிற பாகம்) கீழே அனுப்பும் ஒலி ஒரு கூம்பு மாதிரி விரிந்து போகிறது. ஒலியின் அலைவரிசை 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்தக் கூம்பு 20 பாகைக்குக் கிட்ட இருக்கும், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குத்தான் பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் தண்ணீரில் 2 மீட்டர் வட்டம், அவ்வளவுதான். போட்டுக்கு 3 மீட்டர் தள்ளி ஒரு வாலாய் (walleye) மீன் கூட்டமே நின்றாலும் அதற்குத் தெரியாது. இன்னொன்று, பலர் பிழையாக விளங்கிக்கொள்வது: திரையின் வலது ஓரம்தான் இப்போது உங்கள் காலுக்குக் கீழே இருப்பது, இடப்பக்கம் இருப்பதெல்லாம் கடந்து வந்த கதை. இடது பக்க வளைவைப் பார்த்து "இந்தா மீன்" என்று தூண்டில் இறக்கினால், மீன் நின்ற இடத்தை விட்டு நாங்கள் எப்போதோ வந்திருப்போம். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் கூட, நடுவுக்கு வரும்போது குறைவு, வெளியே போகும்போது திரும்பவும் கூட, அதனால்தான் வளைவாகத் தெரிகிறது. நங்கூரம் போட்டு நிற்கும்போது, மீனும் அசையாமல் நின்றால் வளைவு வராது, நீட்டுக்கோடுதான் வரும்.

மாமா பருத்தித்துறைக்காரர், இளவயதில் கடலுக்குப் போனவர். ஈயக்கட்டி கட்டிய கயிறை விட்டு, அது தட்டுகிற விதத்திலேயே கீழே மணலா சேறா கல்லா என்று சொல்லிவிடுவார்களாம். மெஷினும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். கல்லும் சரளையும் இருந்தால் தரைக்கோடு தடித்து, பிரகாசமாக, சில நேரம் அதற்குக் கீழே இரண்டாவது கோடு ஒன்றும் விழும். சேறு என்றால் மங்கிப் பரவும். உடனே அவர் கேட்ட கேள்வி: "அப்ப ஊரில இது இருந்தா அறக்குளா காட்டுமோ?" தேடிப் பார்த்தேன். ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பைதானாம். அறக்குளாவுக்கு அது கிடையாது, ஆகவே மங்கலாகத்தான் தெரியும். "அது ஆருக்கும் லேசில அகப்படாது" என்றார், முகத்தில் ஒரு பெருமை.

இந்தச் சாமானை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் மீன்பிடிக்காரர்களுக்காகத்தான், 1948 இல், ஜப்பானில் நாகசாகிப் பக்கம், ஃபுருனோ சகோதரர்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம். எங்கள் அளவு போட்டுக்கு 5 அங்குலத் திரை போதும். கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 என்று ஒன்று இருக்கிறது, பெயரில்தான் 4, திரை 3.5 அங்குலம். ஆனாலும் அந்தக் காசுக்கு நல்ல சாமான், கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு. என் வயதுக்காரர்கள் 5 அல்லது 7 பாருங்கள். கடையில் மின்விளக்கின் கீழே பார்த்து முடிவெடுக்காதீர்கள், முடிந்தால் வெளியே வெயிலில் பாருங்கள். போலரைஸ்ட் கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் போட்டுப் பாருங்கள், சில திரை ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும்.

சேர்ப் (CHIRP) என்கிற வசதி கட்டாயம் இருக்கட்டும், ஒரே அலைவரிசைக்குப் பதிலாக ஒரு வீச்சு முழுக்க அனுப்புவதால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மீன்கள் தனித்தனியாகத் தெரியும். டவுன் இமேஜிங்கும் (போட்டுக்குக் கீழே இருப்பதைப் படம் மாதிரித் தெளிவாகக் காட்டுவது) இருந்தால் நல்லது, களையா மீனா என்ற ரைஸ் லேக் பிரச்சினைக்கு அதுதான் மருந்து, களையின் தண்டே தெரியும். சைட் இமேஜிங் (போட்டின் இரண்டு பக்கத்தையும் காட்டுவது) அருமையான விஷயம், ஆனால் மெதுவாக, நேர்கோட்டில் ஓடினால்தான் படம் ஒழுங்காக வரும், காற்றடிக்கிற நாளில் 14 அடி போட்டில் அதெல்லாம் நடக்காது. நான் காசு கொடுக்கவில்லை. 2018 இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு மீன் தூண்டிலைப் பார்த்துத் திரும்புவதையே நேரடியாகப் பார்க்கிறார்கள். அதன் விலைக்கு என் போட்டையும் மோட்டரையும் சேர்த்து விற்கவேண்டும். ஜிபிஎஸ் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆழத்தில் இருக்கிற ஒரு கல்மேட்டைக் கண்டுபிடித்தால் குறித்து வைக்கவேண்டும், அடுத்த கிழமை அதைத் தேடி அரை நாள் போகக்கூடாது. வரைபடம் இல்லாமல் இடத்தை மட்டும் குறிக்கிற மலிவு மொடல்களே எங்களுக்குக் காணும்.

மெஷினைத் தெரிவு செய்ய ஒரு கிழமை மண்டையை உடைப்பவர்கள் ட்ரான்ஸ்டூசரை அரை மணித்தியாலத்தில் பூட்டிவிடுகிறார்கள், நான் உட்பட. நான் ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே பூட்டினேன், ஆணி வரிசைக்கு நேர் பின்னால். நின்றால் படம் வடிவாக வரும், ஓடத் தொடங்கினால் திரை முழுக்கக் கோடு கோடாகக் கிறுக்கும், தண்ணீர்க் குமிழி. ப்ரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி, போட்டின் அடிப்பலகையை விடக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும். இடம் மாற்றியபோது பழைய மூன்று ஓட்டையையும் சாதாரண சிலிக்கனால் அடைத்தேன். அடுத்த சனிக்கிழமை சப்பாத்துக்குள் தண்ணீர். படகுக்கென்று விற்கிற சீலன்ட் வாங்குங்கள். அதைவிட நல்லது, தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை ஒரே தரம் பூட்டிவிட்டு, இனி எல்லா ஓட்டையையும் அதிலேயே போடுவது. மிஞ்சுகிற வயரை வெட்டாமல் சுருட்டி வையுங்கள்.

அப்புறம் பற்றரி. கயிறு இழுக்கிற மோட்டர் என்பதால் எங்கள் போட்டில் பற்றரியே கிடையாது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாதிக்கு மேல் இறங்கவிட்டால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் கணக்கில் 3.5 தான். சின்னத் திரைக்கு அது நாள் முழுக்கக் காணும். 7 அங்குலம் ஒரு ஆம்பியருக்குக் கிட்ட இழுத்தால் மத்தியானத்தோடு முடிந்தது. நான் இப்போது லித்தியம் இரும்பு பொஸ்பேட்டுக்கு மாறிவிட்டேன், பாரமும் பாதிக்குக் குறைவு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பூச்சியத்துக்குக் கீழே குளிரும்போது அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது. ஜனவரியில் கராஜில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வயரில் ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

ஜனவரி என்றதும் ஞாபகம் வந்தது. சிம்கோ உறைந்த பிறகும் இதே மெஷின் வேலை செய்யும், ஐஸில் துளை போட்டு ட்ரான்ஸ்டூசரை மிதவையில் கட்டி நேராகத் தொங்கவிடவேண்டும், அவ்வளவுதான். போட் ஆடாததால் உங்கள் தூண்டிலில் இருக்கிற இரையே திரையில் ஒரு கோடாகத் தெரியும், அதை நோக்கி இன்னொரு கோடு மேலே ஏறி வரும். போன மாசியில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன், தொப்பி, மஃப்ளர் எல்லாம் சுற்றிக் கண் மட்டும் வெளியே. இரண்டு கோடும் கிட்ட வரும்போதெல்லாம் "பொறு, பொறு" என்று என் கையைப் பிடித்துவிடுவார். 11 பேர்ச் பிடித்தோம், அதில் 8 அவருடையது. இப்போது மெஷினை அவர்தான் காரின் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்.