ஜோஷுவா ட்ரீ முதல் மோனோ ஏரி வரை: அப்பாவுடன் ஒரு பயணக் குறிப்பு

அக்டோபர் 19, 2024, சனி

விடியும் முன்பே லாஸ் ஏஞ்சலஸை விட்டுக் கிளம்பிவிட்டோம், நானும் அப்பாவும். தூத்துக்குடியில் உப்பளக் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவர் அவர். இங்கே வந்ததிலிருந்து கடைத்தெரு, கேளிக்கைப் பூங்கா எதிலும் மனம் ஒட்டவில்லை. "திறந்த வெளியாப் பார்த்துக் கூட்டிட்டுப் போம்மா" என்று அவரே கேட்டதுதான் இந்தப் பயணம்.

முதலில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. 1936-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து, 1994-ல் தேசியப் பூங்காவாக உயர்த்திய இடம். மரம் என்று பெயர்தானே தவிர இது யூக்கா வகைச் செடி, உள்ளே நார்தான் இருக்கும், ஆண்டு வளையம் கிடையாது, அதனால் வெட்டிப் பார்த்தாலும் வயதை எண்ண முடியாது. இதன் பூவில் மகரந்தம் சேர்ப்பது யூக்கா அந்துப்பூச்சி மட்டும்தான். தற்செயலாக ஒட்டிக்கொண்டு போவதல்ல, அதுவே மகரந்தத்தைத் திரட்டி எடுத்து வந்து பூவுக்குள் வைத்து அழுத்துகிறது, முட்டையையும் அங்கேயே இடுகிறது, பொரிக்கும் புழுக்கள் விதையில் கொஞ்சம் தின்று வளர்கின்றன, மிச்ச விதை செடிக்கு. இரண்டில் ஒன்று போனால் மற்றதும் போச்சு.

மதியத்துக்கு மேல் பின்டோ பேசின் சாலையில் கீழே இறங்கினோம். இந்தச் சாலையை யாரும் தவறவிடாதீர்கள். உயரமான மொஹாவி பாலைவனமும் தாழ்ந்த கொலராடோ பாலைவனமும் இந்தப் பூங்காவுக்குள்தான் சந்திக்கின்றன, இறங்க இறங்க ஜோஷுவா மரங்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் ஒன்றுகூட இல்லாமல் போய், முள்ளே உடம்பாக நிற்கும் கள்ளிகள் வந்துவிடுகின்றன. சில நூறு மீட்டர் உயரம் மாறினால் கிடைக்கும் ஈரமும் குளிரும் மாறுகின்றன, அதற்கே இவ்வளவு.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று முழுக்க ஓட்டம்தான். பேக்கர் ஊரில் பெட்ரோல் போட்டு, தண்ணீர் கேன்களை நிரப்பிக்கொண்டு வடக்கே போனோம். டெத் வேலி ('மரணப் பள்ளத்தாக்கு') தேசியப் பூங்காவில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பொழுது சாயும்போது ஸப்ரிஸ்கி பாயின்ட். மஞ்சளும் பழுப்புமாக மடிந்து கிடக்கும் அந்த மேடுகள் பழைய ஏரி ஒன்றின் அடியில் படிந்த சேறு. அப்பா ஒன்றும் பேசவில்லை. பசியோ என்று நினைத்தேன், "இல்ல, இருட்டுற வரைக்கும் இருப்போம்" என்றார்.

அக்டோபர் 21, திங்கள்

வெயில் ஏறுமுன் பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலம். வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே செங்குத்தான பாறையில் கடல் மட்டம் எது என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது.

உப்புத் தரையில் நெடுந்தூரம் நடந்தோம். அறுகோணமும் ஐங்கோணமுமாகத் தரை பிரிந்து, ஓரங்களில் உப்பு மேடு தட்டியிருந்தது. அப்பா குனிந்து ஓர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பாத்தி கட்டாமலே பாத்தி விழுந்திருக்கேம்மா!" அடியில் இருக்கும் உப்புநீர் மேலே கசிந்து, வெயிலில் காய்ந்து, உப்பு பூரித்து விளிம்புகளில் எழும்புகிறது என்று நான் படித்ததைச் சொன்னேன். அவருக்கு அதற்கு மேலேயே தெரிந்திருந்தது. மழை விழுந்தால் இந்த மேடெல்லாம் கரைந்து மட்டமாகும், மறுபடி காய்ந்தால் மறுபடி எழும், தூத்துக்குடியில் ஐப்பசி மழை வந்தால் உப்பளத்தை மூடிவிட்டு அடுத்த வெயிலுக்குக் காத்திருப்பது போலத்தான் என்றார்.

அப்படி ஒரு மழை போன வருடம் நடந்தது. 2023 ஆகஸ்ட் 20-ல் ஹிலரி புயலின் மிச்சம் இங்கே வந்து ஒரே நாளில் சுமார் 56 மில்லிமீட்டர் கொட்டியது, இந்த இடத்துக்கு அது ஒரு வருட மழை. சாலைகள் அடித்துப் போய்ப் பூங்காவையே சுமார் இரண்டு மாதம் மூடி வைத்திருந்தார்கள். ஆனால் இந்த உப்புத் தரையில் ஏரி ஒன்று திரும்பி வந்தது. பனியுகத்தில் பள்ளத்தாக்கு முழுக்க ஆழமாக நிறைந்திருந்த மேன்லி ஏரி இருந்த அதே இடம்.

'மரணப் பள்ளத்தாக்கு' என்பது 1849-ல் தங்கம் தேடி வந்து வழி தப்பியவர்கள் வைத்த பெயர். அவர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இங்கே வாழ்கிறார்கள், இப்போதும் ஃபர்னஸ் கிரீக்கில் அவர்கள் ஊர் இருக்கிறது, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலத்தில் ஒரு பகுதியாவது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஊற்று எங்கே, கோடையில் எந்த மலைக்கு ஏறிப் போகவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இது வீடு. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் டான்டேஸ் வியூ, 1,669 மீட்டர். காலையில் நடந்த உப்பு முழுவதும் கீழே வெள்ளையாகக் கிடக்கிறது, எதிரே 3,366 மீட்டர் டெலஸ்கோப் பீக். பசிபிக்கிலிருந்து வரும் மேகத்தை சியரா நெவாடாவும் அடுத்தடுத்த மலைத்தொடர்களும் பிழிந்து வாங்கிவிடுகின்றன, இங்கே வந்து சேர்வது வெறும் காற்று. நன்றாக இருட்டியதும் மேற்கே வெள்ளிக்கு மேலே வால் நட்சத்திரம் தெரிந்தது, இந்த மாதம் எல்லோரும் பேசும் சுசின்ஷான்-அட்லஸ். வெறும் கண்ணாலேயே பார்த்தோம். நிலா எழும்ப இன்னும் நேரமிருந்தது. வானத்தின் இருட்டையும் காப்பாற்ற வேண்டிய சொத்தாக நினைக்கிறார்களே, இந்தப் பூங்காவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

பனமின்ட் மலையைக் கடந்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. இன்றைக்கு எழுதுவது கொஞ்சம் கனமாக இருக்கும்.

தூரத்திலிருந்து ஓவன்ஸ் ஏரியைப் பார்த்து அப்பா, "இதுவும் உப்புதானா?" என்றார். உப்புதான், ஆனால் இது காலத்தால் காய்ந்த ஏரி இல்லை. 1913-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பி, 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகத் தன் ஊருக்குக் கொண்டுபோனது. அடுத்த பதினைந்து வருடத்துக்குள் ஏரி வறண்டது, காற்றடித்தால் அடித்தரை புழுதியாகக் கிளம்பி மக்கள் மூச்சுக்குள் போனது. வழக்கும் போராட்டமும் நடந்த பிறகு, இந்த நூற்றாண்டில்தான் புழுதியை அடக்க நகரமே ஏரித்தரையில் கொஞ்சம் தண்ணீர் பரப்பி வைக்கிறது. அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கே பறவைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன.

நம் ஐந்திணையில் பாலைக்கென்று தனியாக நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் மழை பொய்த்துத் தன்மை திரிந்தால் அதுதான் பாலை. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன், இன்றுதான் கண்ணால் பார்த்தேன். இங்கே மழை பொய்க்கவில்லை, எதிரே 4,421 மீட்டர் விட்னி சிகரத்திலிருந்து பனி உருகி வந்துகொண்டேதான் இருக்கிறது. என் வீட்டுக் குழாயில் வருவதிலும் இந்தத் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வரும் இடம் எது என்று எங்கள் ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும்.

மான்சனாரிலும் நின்றோம். முன்பு ஆப்பிள், பேரிக்காய்த் தோப்புகள் இருந்த ஊர், நகரம் நிலத்தையும் நீரையும் வாங்கியபின் காலியானது, இரண்டாம் உலகப் போர் நடந்த 1942-ல் அங்கேதான் முகாம் கட்டி 10,000-க்கு மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களைச் சிறை வைத்தார்கள். இதைத் தனியாக எழுதவேண்டும்.

அக்டோபர் 23, புதன்

பிக் பைன் ஊரிலிருந்து வொயிட் மலை. சாலை ஏறி ஏறி 3,000 மீட்டர் தாண்டியது. பனி விழுந்தால் அடைத்துவிடுவார்கள், இன்று திறந்திருந்தது. இது தேசியப் பூங்கா இல்லை, இன்யோ தேசிய வனம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, அதனால் ஷுல்மன் தோப்பில் சின்ன வட்டப் பாதை மட்டும், நாலடிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து.

பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள். இவற்றில் மெதூசலா என்று பெயரிட்ட மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். 1957-ல் எட்மண்ட் ஷுல்மன் வளையங்களை எண்ணிக் கண்டார். எந்த மரம் என்று வெளியே சொல்வதில்லை, சரியான முடிவு. வெள்ளை டோலமைட் மண், சத்து கிடையாது, மழையும் கொஞ்சம், குளிர்காற்று, வளரும் பருவமோ சில வாரம். அதனாலேயே மரம் மிக மெதுவாக வளர்ந்து, கட்டை இறுகி, பிசின் நிறைந்து, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் நுழைய முடியாதபடி ஆகிறது. பெரும்பகுதி பட்டுப்போய், ஒரு பட்டை மட்டும் உயிரோடு வேரிலிருந்து ஒரு கிளை வரைக்கும் போகும், அதில் பச்சை ஊசியிலை. இந்த வளையங்களை வைத்துத்தான் பழம்பொருள்களின் வயதைச் சொல்லும் கார்பன் காலக்கணிப்பையே சரிபார்த்துத் திருத்தினார்கள். எந்த வருடம் ஈரம், எந்த வருடம் வறட்சி எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. "நல்ல கணக்குப்பிள்ளை" என்று அப்பா ஒரு மரத்தைத் தட்டிக் கொடுக்கப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

அக்டோபர் 24, வியாழன்

மோனோ ஏரி, தென்கரை. தண்ணீருக்குள்ளும் கரையிலும் வெளுத்த கல் கோபுரங்கள் நிற்கின்றன, டூஃபா. ஏரியடி ஊற்றுகளின் கால்சியம் ஏரியின் கார நீரோடு சேர்ந்து படிந்து வளர்ந்தவை, தண்ணீருக்கு அடியில்தான் இவை உருவாகும். அப்படியானால் வெளியே நிற்கிறதே என்றால், 1941-லிருந்து லாஸ் ஏஞ்சலஸ் இந்த ஏரிக்கு வரும் ஓடைகளையும் எடுத்தது, மட்டம் 13 மீட்டருக்கு மேல் இறங்கியது. ஏரியில் மீன் கிடையாது, உப்பு இறாலும் கார ஈயும்தான், அவற்றை நம்பி லட்சக்கணக்கில் பறவைகள்.

இங்கே மட்டும் கதை கொஞ்சம் திரும்பியது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் விடாமல் போராடி, 1983-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1994-ல் மட்டத்தை உயர்த்தச் சொல்லி மாநில நீர் வாரியத்தின் உத்தரவு. முப்பது வருடம் ஆகிவிட்டது, அந்த மட்டம் இன்னும் எட்டவில்லை.

எல்லோரும் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் எடுத்தேன், அவ்வளவு அழகு. அப்பா பழைய நீர்மட்டம் காட்டும் பலகை ஒன்றின் பக்கத்தில் நின்று, அங்கிருந்து கரை எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார். "இது நிறைஞ்சா இந்தக் கல்லெல்லாம் முங்கிருமே?" என்றார். ஆமாம், பாதி முங்கிவிடும். "முங்கட்டும்" என்றார். எனக்கும் அதே ஆசைதான். நாளைக்கு 395 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி வீடு.