கம்பி கட்டி வளைந்த பான்ஜோ

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் தையல் மிஷின் பாகங்களுக்கு நடுவே கிடந்த பழைய பான்ஜோவை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். பின்பக்கம் மூடியில்லாத வகை அது. கஞ்சிராவுக்கு நீளமான தண்டி பொருத்தியது போல் இருக்கும். நம்மூரில் பான்ஜோ என்றால் விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவைத்தான் பலரும் நினைக்கிறார்கள். விற்க முனைந்தபோது முதலில் வந்தவரும் விசைகள் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

தோல் கிழிந்திருந்ததைவிடத் தண்டி வளைந்திருந்ததே பெரிய கவலை. 19ஆம் நூற்றாண்டுப் பான்ஜோக்கள் ஆட்டுக்குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. இதில் யாரோ எஃகுக் கம்பி கட்டி, பல ஆண்டுகள் அப்படியே விட்டிருக்கிறார்கள்; அந்த இழுவையைத் தாங்காமல் மரம் முன்னோக்கி வளைந்துவிட்டது. தண்டி வட்டச் சட்டத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய கருங்காலிச் சீவலைச் செருகிச் சாய்வை மாற்றியதில், பன்னிரண்டாம் மெட்டின்மேல் (மெட்டு என்பது தண்டியில் ஸ்வர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பி) ஆறு மில்லிமீட்டராக இருந்த தந்தியின் உயரம் மூன்றரையாகக் குறைந்தது. வளைவு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது தந்தியின் பிரடை, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை, மற்றவற்றைப் போலத் தலைப்பக்கம் இராது. ஐந்தாம் மெட்டருகே தண்டியின் பக்கவாட்டில் நிற்கும். அது தொலைந்திருந்ததால், உடைந்த வயலின் ஒன்றின் பிரடையைச் சீவிப் பொருத்தினேன்.

தோலுக்குப் பதிலாக 1950களில் புழக்கத்துக்கு வந்த பிளாஸ்டிக் தகட்டைப் போட்டிருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். கடற்காற்றில் சுருதி இறங்கும் தொல்லையும் இருந்திராது. ஆனால், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையின்மேல் தோல் போர்த்தி வாசித்ததிலிருந்து வளர்ந்த வாத்தியத்துக்குப் பிளாஸ்டிக் போட எனக்கு மனம் வரவில்லை. மிருதங்கத்துக்கு மூட்டுக் கட்டும் பெரியவர் ஒருவர் கன்றுத்தோலை ஊறவைத்து, வளையத்தில் சுற்றி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டார். பிறகு தோலை இழுத்து இறுக்கும் இருபத்துநான்கு கொக்கிகளையும் எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டுமே முறுக்கினோம். அவசரப்பட்டால் தோல் ஒரு பக்கமாக இழுபட்டுவிடும் என்று எச்சரித்த பெரியவர், அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்த்து, எந்தக் கொக்கி தளர்ந்திருக்கிறது என்பதை ஓசையை வைத்தே சொன்னார்.

தயாரித்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற ஸ்டூவர்ட் செய்தது என்று சொன்னால் இருமடங்கு விலை போகும் என நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நான் அதற்கு மாறாக, வளைவு உட்பட எல்லாக் குறைகளையும், மாற்றிய பாகங்களையும் ஒரு தாளில் எழுதி, கிழிந்த பழைய தோலோடு பையில் வைத்தேன். ஆரோவில்லிலிருந்து வந்தவர் அதைப் படித்துவிட்டு, பேரம் பேசாமல் இருபதாயிரம் ரூபாய் கொடுத்தார். நைலான் தந்தி தவிர வேறு எதையும் கட்ட வேண்டாம் என்று வாசலிலும் ஒரு முறை சொல்லி அனுப்பினேன்.