குட்டி விமானத்தைத் தராசில் ஏற்றுமுன்

பதிவுச் சான்றிதழ் கையில் கிடைத்தால் பறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு, விமானம் எந்த நாட்டினது, யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். பறப்புத் தகுதிச் சான்றிதழ் வேறு. வன்னியில் இரணைமடு, வவுனியா ஓடுபாதைகள் விமானப்படையின் பொறுப்பில் இருப்பதால் அங்கே இறங்கும் அனுமதியும் தனி அலுவல்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 18ஆம் பிரிவின்படி ஒரே விமானம் இரு நாடுகளில் பதிவில் இருக்க முடியாது. வெளிநாட்டில் பழைய விமானம் வாங்கினால், அங்கே பதிவு நீக்கிய கடிதத்தை முதலில் எடுங்கள். அது இல்லாமல் 4ஆர் என்று தொடங்கும் இலங்கைப் பதிவுக் குறி கிடைக்காது. வீட்டில் பாகங்களைப் பூட்டிச் செய்த விமானத்துக்கு வகைச் சான்றிதழ், அதாவது அந்த மாதிரியின் வடிவமைப்புக்கான அங்கீகாரம், இராது. ஆகவே வழமையான தகுதிச் சான்றிதழும் கிடையாது. காசு கொடுக்குமுன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள்.

பதிவுக் குறி இறக்கையின் அடியில் குறைந்தது 50 சென்ரிமீற்றர் உயரம், உடலில் 30. தீயில் உருகாத தகடொன்றும் வாசலருகே வேண்டும்.

கவனம் முழுவதும் நிறுவையில் இருக்கட்டும். சோளகக் காற்றில் வெளியே நிறுக்காதீர்கள். இறக்கை தூக்கும், கணக்குப் பொய்க்கும். மூடிய கொட்டகைக்குள், ஒயில் நிரப்பி, பாவிக்க முடியாத மிச்ச எரிபொருளை மட்டும் விட்டு, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டம் வைத்துச் சரிபாருங்கள். பிரேக்கை விடுங்கள், இறுகியிருந்தால் சில்லு தராசைப் பக்கவாட்டில் தள்ளும். மூன்று தரம் நிறுங்கள்.

உதாரணமாக மூக்குச் சில்லில் 62 கிலோ, பின் சில்லுகளில் 118, 120, மொத்தம் 300. தூரங்களை அளக்கத் தொடங்கும் அளவுக்கோட்டுக்கு மூக்குச் சில்லு 900 மில்லிமீற்றர் முன்னே, பின் சில்லுகள் 600 பின்னே. 238ஐ 600ஆல் பெருக்கி, 62ஐ 900ஆல் பெருக்கியதைக் கழித்தால் 87,000. அதை 300ஆல் வகுத்தால் எடைமையம் 290 மில்லிமீற்றர் பின்னே. இதன்மேல் ஓட்டுநர் தனியே, இருவர் பையோடு, தாங்கி நிறைந்து, தாங்கி வற்றி என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எடைமையம் அதற்குக் குறித்த பின்னெல்லையைத் தாண்டினால், வேகம் குறைந்து விமானம் விழத் தொடங்கும்போது மூக்கைத் தாழ்த்தி மீட்பது கடினம். வாலுக்குப் புதுப் பூச்சு அடித்தாலும் மறுபடி நிறுக்க வேண்டும், அது பின்னால் ஏறும் எடை.

பரிசோதகர் வரும் காலையில், வேகமானிக்குக் காற்றை எடுக்கும் பிற்றோ குழாயையும் தாங்கியின் காற்றுத் துளையையும் பாருங்கள். வன்னியில் குளவி ஒரு நாளிலேயே மண்ணால் அடைத்துவிடும். குழாய் அடைபட்டால் வேகமானி ஓடாது. துளை அடைபட்டால் தாங்கியில் வெற்றிடம் உண்டாகி எஞ்சினுக்குப் பெற்றோல் வராது. கம்பியால் குத்தாதீர்கள், மண் உள்ளே போய்விடும். சிவப்புத் துணி தொங்கும் மூடியைப் போட்டே நிறுத்துங்கள், எடுத்துவிட்டே ஓட்டுங்கள்.