ஆமைக்குக் கொம்பு

காலையில் கைபேசியில் ஒரு மண்டையோட்டுப் படம் வந்தது. தலையின் இரு பக்கமும் கொம்பு. மாடு என்றால் நம்பலாம். கீழே 'ஆமை' என்று போட்டிருந்தது!

பெயர் மெயோலானியா. இப்போது உலகில் இல்லை, அழிந்துபோன இனம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, லார்ட் ஹோவ் தீவில் இதன் எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. 1886-இல் இதற்குப் பெயர் வைத்த ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன், பல்லி இனம் என்றே நினைத்தார். அடுத்த ஆண்டே இன்னொரு ஆங்கிலேய விஞ்ஞானி ஹக்ஸ்லி இது ஆமை என்று சொல்லிவிட்டார். பாவம் ஓவன், அந்தக் கொம்பைப் பார்த்து யாருக்கு ஆமை ஞாபகம் வரும்?

எனக்குப் பிடித்துப்போனது அந்தத் தலைதான். கொம்பு இருப்பதால் ஓட்டுக்குள் இழுக்கவே முடியாது.

அடக்கத்துக்கு நாம் ஆமையைத்தானே உதாரணம் காட்டுவோம்? இதனிடம் அது செல்லாது. ஆபத்து வந்தால் ஒடுங்க வழியில்லை. தலையில் கொம்பு, வாலைச் சுற்றி எலும்பு வளையங்கள், நுனியில் ஒரு கதாயுதம். நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பல லட்சம் ஆண்டுகள் அது போதுமானதாக இருந்தது. அப்புறம் மனிதர்கள் வந்தார்கள்.

பசிபிக் கடலில் உள்ள தீவு நாடான வனுவாட்டுவின் எஃபாடே தீவில், ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முந்தைய உணவுக் கழிவுக் குவியலில் இவ்வகை ஆமையின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் கால் எலும்புகள். வேறெங்கோ வெட்டி, கறியுள்ள பாகத்தை மட்டும் எடுத்து வந்திருப்பார்கள் போல.