தங்கசாலையில் ஒரு பன்றிக் காசு

சென்ட்ரலில் இறங்கி நடந்தே தங்கசாலைத் தெருவுக்குப் போனேன். 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை ஜார்ஜ் கோட்டையிலிருந்து இங்கே வந்ததால் வந்த பெயர் அது. வராகன் என்ற பழைய பொற்காசுகள் இந்தத் தெருவில்தான் அடிக்கப்பட்டன என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 1818-லேயே கம்பெனி வராகனை விட்டு ரூபாய்க்கு மாறிவிட்டது.

வராகன் என்பது பன்றிச் சின்னம் பொறித்த பொற்காசால் வந்த பெயர். சாளுக்கியரின் கொடியிலும் பன்றிதான். கீழைச் சாளுக்கிய மன்னன் ராஜராஜ நரேந்திரனின் காசுப் படம் ஒன்று பல நாளாக என் போனில் இருக்கிறது. 1022 முதல் 1061 வரை ஆந்திரக் கரையோர வேங்கி நாட்டை ஆண்டவன். அம்மா குந்தவை, நம் ராஜராஜ சோழனின் மகள். அதாவது பேரன் காசு! இவன் மகன்தான் பின்னாளில் சோழ அரியணை ஏறிய முதல் குலோத்துங்கன்.

அந்தக் காசை ஒரே அச்சில் அடிக்கவில்லை. மெல்லிய பொன் தகட்டின் நடுவில் பன்றியை ஒரு முத்திரையால் பதித்து, சுற்றிலும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி முத்திரையால் அடித்திருக்கிறார்கள். முன்பக்கம் பள்ளம், பின்பக்கம் புடைப்பு. ஒரு காசு மாதிரி இன்னொன்று இருக்க வழியே இல்லை. எனக்கு அதுதான் பெரிய அழகு.

சௌகார்பேட்டைச் சந்து ஒன்றில் சின்னப் பட்டறை. உள்ளே டக்டக்கென்று சத்தம். வயதான பத்தர் ஒருவர் அரக்கில் பதித்த தகட்டில் பூ வேலை செய்துகொண்டிருந்தார். தயங்கித் தயங்கிப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல தங்கம் தம்பி. அதான் இவ்வளவு மெல்லிசா தட்ட முடிஞ்சிருக்கு. அடிக்க அடிக்க இறுகும், நெருப்புல காட்டி இளக்கணும். இல்லேன்னா ஓரம் வெடிச்சிடும்."

அப்புறம் விளிம்பில் ஓரிடத்தைக் காட்டினார். இரண்டு முத்திரைகள் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. எத்தனையோ முறை பார்த்த படம், எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை.

"இதுதான் கடைசியா அடிச்சது. இடம் பத்தல பாருங்க. எனக்கும் இப்படி ஆகும்."

படத்தைத் திருப்பித் தராமல், தன் மகனைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார்.