படம் வருது, சத்தம் வரல: லண்டன் மெகா டிரைவும் ஹட்டன் டிவியும்

"சவுண்ட் ஐசி போயிருச்சு தம்பி, போர்டையே மாத்தணும்." ஹட்டன் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில், மூடியைக்கூடத் திறக்காமல் சொன்ன தீர்ப்பு இது (சவுண்ட் ஐசி என்றால் சத்தம் தரும் சிப்). விலையும் உடனே சொன்னார். நல்லவேளை, கையில் காசு இல்லை.

சாமான், லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்த சேகா மெகா டிரைவ் என்ற பழைய வீடியோ கேம் பெட்டி, முதல் மாடல். பவர் பிரச்சினை இல்லை, லண்டனிலும் இலங்கையிலும் 230 வோல்ட்தான். பெட்டியோடு வந்தது அன்டெனா வயர் மட்டும். அதை வீட்டுப் பழைய டிவியில் குத்தி டியூன் பண்ணினால் படம் பளிச்சென்று நிற்கிறது, சத்தத்துக்குப் பதில் வெறும் 'உஸ்'.

அப்புறம் கண்டிக்கு ஓடினேன். கினிகத்தேனை வளைவுகளில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதுதான் மிச்சம். அந்தக் கடைக்காரர் தன்னிடமிருந்த ஏவி கேபிளில் (டியூன் பண்ணாமல் படத்தையும் சத்தத்தையும் நேரே டிவிக்குக் கொடுக்கும் வயர்) போட்டார். 'சே...கா' என்று சோனிக் கேம் கணீரென்று பாடியது. "இதுல ஒரு பிழையும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, பார்த்த கூலியையும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் பழையபடி உஸ்!

ஏவியில் சத்தம் வருகிறது, அன்டெனா வயரில் வரவில்லை என்றால் ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம் இதுதான்: டிவி சிக்னல் முறையில் இங்கிலாந்தும் பால் (PAL), நம் நாடும் பால். ஆனால் அங்கே அதில் பால் ஐ (I) என்ற வகை, படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ். இங்கே பால் பி/ஜி (B/G), 5.5. டிவி சத்தத்தைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. ரிமோட்டில் மெனுவுக்குள் 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஒன்று கிடந்தது. பிஜியை ஐ ஆக்கியதும், அடுத்த அறையிலிருந்து தங்கச்சி ஓடிவரும் அளவுக்குச் சத்தம்.

உங்கள் டிவியில் அந்த மெனு இல்லாவிட்டால் ஏவி கேபிள் தேடுங்கள். முதல் மாடலில் ஏவி வழியாக மோனோதான். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்க ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் இழுங்கள். கடைக்குப் போகுமுன் அதே துளையில் ஒரு ஹெட்போனைக் குத்திக் கேட்டுவிடுங்கள், பஸ் காசு மிச்சம். பக்கத்திலுள்ள வால்யூம் தள்ளி ஹெட்போனுக்கு மட்டும்தான், டிவி சத்தம் அதற்கு மசியாது. நம்மூர் ஈரத்துக்கு அது கரகரத்தால் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுப்புகளைச் சுத்தம் பண்ணும் ஸ்ப்ரே) அடித்து முன்னும் பின்னும் தள்ளினால் போதும்.

இன்னொன்று. ஐ என்பதை கேம் டியூன் பண்ணிய சேனல் நம்பரில் மட்டும் ஸ்டோர் பண்ணுங்கள். ரூபவாஹினி சேனல் நம்பரிலும் அதை வைத்துவிட்டால் அங்கே சத்தம் போய்விடும். அம்மாவின் நாடக நேரத்தில் அது நடந்தால் நான் பொறுப்பில்லை.